ஸ்டார் வார்ஸ் இசையில் உங்களை விட்டுப் போகாத இடம் எது?

#1 பஞ்சமம்

சென்ற ஞாயிறு மகளுக்கு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பத்து வயது. 1977, 1980, 1983 என்று படங்கள் வெளிவந்த வரிசையிலேயே வாரம் ஒன்றாகப் பார்த்து வந்தோம். வில்லன் டார்த் வேடர் சாகிற இடம் வந்தது. மகன் லூக் அவருடைய முகமூடியைக் கழற்றுகிறான். நான் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனால் இந்த முறைதான் இசையை ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டேன்.

அங்கே ஒலிப்பது வேடரின் அணிவகுப்பு இசையேதான், இம்பீரியல் மார்ச். இரண்டு படங்களாக ட்ராம்போனும் ட்ரம்பெட்டும் சேர்ந்து நம் நெஞ்சில் ஏறி மிதித்த அதே மெட்டு. இங்கே அதை வயலின்கள் மேல் ஸ்தாயியில் நூல் மாதிரி பிடித்துக்கொண்டு வருகின்றன. புல்லாங்குழல், ஹார்ன் என்று துண்டு துண்டாகக் கைமாறுகிறது. கடைசியில் ஹார்ப் மட்டும் தனியே, ஒவ்வொரு சுரமாக, இடைவெளி விட்டு விட்டு மீட்டி நிறுத்துகிறது. ஓர் ஆளின் மூச்சு அடங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருந்தது.

இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அங்கே புதிதாக ஒரு சோக இசை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நமக்குப் பயம் காட்டிய மெட்டையே எடுத்து, அதன் பலத்தை எல்லாம் உருவிவிட்டு, மிச்சத்தைக் கையில் தருகிறார். இந்தப் படங்களின் இசை இத்தனை வருடமாக நம்மோடு இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்த மெட்டு வேறு உடுப்பில் திரும்பி வருகிறது. வரும்போது கதையில் நடந்தது அத்தனையையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

உங்கள் இடத்தைச் சொல்லுங்கள். மெட்டின் பெயர் மட்டும் போதாது. எந்தப் படம், எந்தக் காட்சி, எந்தக் கருவி என்று எழுதுங்கள்.

#2 திரைப்பித்தன்

எனக்கு முதல் சுரமே போதும். மஞ்சள் எழுத்துகள் மேலே ஏறுவதற்கு முன்னால், படத்தின் பெயரோடு சேர்ந்து வந்து அறைகிற அந்த ஒலி.

அதற்கு முன்னால் வருவதையும் கவனியுங்கள். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் முகப்பு இசை, ஆல்ஃபிரட் நியூமன் எழுதியது. அது பி ஃபிளாட் மேஜர் என்ற சுருதியில் அமைந்தது. வில்லியம்ஸின் தொடக்க இசையும் பி ஃபிளாட் மேஜர். அதனால் முகப்பு இசை முடிந்து, சத்தமே இல்லாமல் "வெகு காலத்துக்கு முன்பு" என்ற நீல எழுத்து வந்து, பிறகு இசை வெடிக்கும்போது, நம் காது ஏற்கெனவே அந்தச் சுருதியில் நிற்கிறது. கச்சேரிக்கு முன்னால் தம்பூரா போட்டு வைத்த மாதிரி. ஆறு படங்கள் இப்படித்தான் தொடங்கின. லூகாஸ்ஃபில்ம் டிஸ்னியிடம் போன பிறகு 2015-ல் வந்த படத்தில் ஃபாக்ஸ் முகப்பு இல்லை. தியேட்டரில் அந்த இடம் மௌனமாகப் போனது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

#3 கொம்பூதி

நான் ட்ரம்பெட் வாசிப்பவன். திரைப்பித்தன் சொன்ன அந்த முதல் சுரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

1977 மார்ச் மாதம், இங்கிலாந்தில் டென்ஹாம் என்ற ஊரில் இருந்த ஆன்வில் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அதன் முதன்மை ட்ரம்பெட் கலைஞராக அப்போதுதான் சேர்ந்திருந்தார் மாரிஸ் மர்ஃபி. அந்த ஆர்கெஸ்ட்ராவில் அவருக்கு முதல் நாள் வேலையே இந்த ஒலிப்பதிவுதான். ட்ரம்பெட் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், உதடு சூடேறாமல் உச்ச சுரத்தை எடுத்த எடுப்பில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று. சுரம் தெறித்துவிடும், இல்லை கீழே வழுக்கும். மர்ஃபி வாசித்ததைக் கேளுங்கள். கதவை உதைத்துத் திறந்த மாதிரி வருகிறது. அவர் சிறு வயதிலிருந்து பித்தளை வாத்தியக் குழுக்களில் வளர்ந்தவர். அந்த முரட்டுத் தெளிவு அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம். 2005 வரை வந்த ஆறு படங்களிலும் அவர் ஊதியிருக்கிறார்.

ஆனால் என்னை விட்டுப் போகாத இடம் அது இல்லை, இரட்டைச் சூரியன்.

லூக் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வெளியே வருகிறான். மணல் மேட்டில் நின்று இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்க்கிறான். வசனமே கிடையாது. ஒற்றை பிரெஞ்சு ஹார்ன் தொடங்குகிறது. கீழ்ப் பஞ்சமத்தில் ஆரம்பித்து ஸ, ரி, க என்று தயங்கித் தயங்கிப் படியேறுகிற மெட்டு. பிறகு வயலின்கள் எல்லாம் அதை வாங்கிக்கொண்டு பொங்குகின்றன. இருபது வயதில் ஊரைவிட்டுப் போக முடியாமல் நின்ற யாருக்கும் அந்த மெட்டு புரியும். எனக்குப் புரிந்தது.

இந்தக் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் வேறொரு இசை எழுதியிருந்தார். 1997-ல் வந்த இரட்டை சிடியில் அதைக் கேட்கலாம். நல்ல இசைதான். ஆனால் அதைக் கேட்டால்தான் இப்போது படத்தில் இருப்பது எவ்வளவு சரி என்று தெரியும்.

பஞ்சமம் சொன்ன "வேறு உடுப்பு" இங்கேயும் உண்டு. லூக் திரும்பி வந்து வீடு எரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது இதே மெட்டு ஓலமாக வரும். படத்தின் கடைசியில் பதக்கம் கொடுக்கிற மண்டபத்தில் இதே மெட்டு பித்தளைகளோடு நடைபோட்டு வரும். ஏக்கம், இழப்பு, வெற்றி என்று மூன்றுக்கும் ஒரே மெட்டு.

#4 தெற்குவாசல்

எல்லாம் சரி நண்பர்களே. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'கோள்கள்' தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதியைக் கேட்டிருக்கிறீர்களா? தொடக்க இசை முடிந்து விண்கலம் துரத்தும் காட்சியில் இடிக்கிற அந்த கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) நேராக அங்கிருந்து வந்தவை போல இருக்கின்றன. ஹாலிவுட் இசையமைப்பாளர் கோர்ன்கோல்ட் 1942-ல் 'கிங்ஸ் ரோ' படத்துக்கு எழுதிய தொடக்க இசையைக் கேளுங்கள். முதல் சில சுரங்களில் தூக்கிவாரிப் போடும். பாலைவனத்தில் ரோபோ அலையும் இடத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் வாடை அடிக்கிறது. இவ்வளவு கடன் வாங்கிய இசையை நாம் இப்படிக் கொண்டாடலாமா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. முதல்முறை ஹோல்ஸ்ட் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதனால்தான் கேட்கிறேன்.

#5 பழையரெக்கார்டு

தெற்குவாசல், அந்த ஒற்றுமைகள் எல்லாம் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. எப்படி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் படத்தொகுப்பின்போது தற்காலிகமாகப் பழைய மேற்கத்திய இசையைப் போட்டு வைத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது 1930, 40-களின் ஹாலிவுட் சாகசப் படங்களில் இருந்த முழு ஆர்கெஸ்ட்ரா. கோர்ன்கோல்ட் அந்தக் காலத்தின் பெரிய கை. வியன்னாவில் வளர்ந்து, 'ராபின் ஹூட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். எழுபதுகளில் அந்த பாணி வழக்கொழிந்து போயிருந்தது. பாப் பாட்டும் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்ட காலம். விண்வெளிப் படம் என்றால் விசித்திரமான ஒலிகள்தான் என்று இருந்தது. இவர்கள் நேர் எதிராக யோசித்தார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிற உலகம் முழுக்கப் புதிது, அதனால் காதுக்குப் பழகிய ஒன்றைக் கொடுப்போம் என்று.

வில்லியம்ஸை லூகாஸுக்குச் சிபாரிசு செய்தவர் ஸ்பீல்பெர்க். 'ஜாஸ்' முடிந்திருந்த நேரம். பழைய இசையை அப்படியே வெட்டி ஒட்டாமல், பாத்திரங்களுக்கென்று மெட்டுகள் எழுதி, அவற்றைக் கதையோடு வளர்க்கலாம் என்பது வில்லியம்ஸின் வழி. ஹோல்ஸ்டின் இசைத்தட்டைத் தூக்கி வைத்திருந்தால் இரட்டைச் சூரியனில் கேட்ட மெட்டு எரிந்த வீட்டில் திரும்பி வந்திருக்குமா? வராது. கடன் வாங்கியது சொல்வளம். கதையை எழுதியது அவர்.

அப்புறம் 'கிங்ஸ் ரோ' விஷயம். அந்த மெட்டும் இந்த மெட்டும் தொடங்கும் விதம் ஒன்றுதான். ஆனால் வில்லியம்ஸின் மெட்டைப் பாடிப் பாருங்கள். ஸா, பா. பிறகு ம-க-ரி என்று கீழே இறங்குவது போலப் போகிறது. ஸட்ஜத்தில் வந்து உட்காரப் போகிறது என்று காது நினைக்கும்போது, ஒரே தாவாக மேல் ஸட்ஜத்துக்கு எகிறுகிறது. அந்தத் தாவல்தான் லூக். விழப் போகிறவன் எம்பிப் பறக்கிறான். அது யாரிடமிருந்தும் வாங்கியது இல்லை.

#6 தெற்குவாசல்

ம-க-ரி-ஸா பாடிப் பார்த்தேன். இத்தனை நாள் கேட்ட மெட்டில் இப்படி ஒரு தாவல் இருப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. நன்றி. ஹோல்ஸ்ட் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

#7 நிலாமுற்றம்

நான் ஒரு சண்டையோடு வருகிறேன். முதல் படத்தில் லூக்கின் ஆசான் பென் கெனோபி வேடரின் வாளுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டு மறைகிற இடம். அந்த நொடியில் முழு ஆர்கெஸ்ட்ராவும் எடுத்து முழங்குவது இளவரசி லேயாவின் மெட்டை. லேயாவுக்கும் கெனோபிக்கும் என்ன சம்பந்தம்? உதவி கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள், அவ்வளவுதான். கெனோபிக்கென்றே மெட்டு இருக்கிறது. கொம்பூதி சொன்ன அந்த மெட்டை அப்போது கெனோபியின் மெட்டு என்றே வில்லியம்ஸ் குறிப்பிட்டார். அதை விட்டுவிட்டு இதை ஏன் போட வேண்டும்?

இருப்பதிலேயே அலை மாதிரி எழக்கூடிய மெட்டு லேயாவுடையதுதான், அந்த நேரத்தின் உணர்ச்சிக்குப் பொருந்தும் என்று எடுத்ததாக அவரே விளக்கியிருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. மெட்டுக்கும் ஆளுக்கும் உள்ள உறவுதான் இந்த இசையின் உயிர் என்றால், இந்த இடத்தில் அந்த உறவு அறுந்துவிடுகிறது.

லேயாவின் மெட்டு எனக்கு உயிர், அதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நேரே மேலே காந்தாரத்துக்கு ஒரு எட்டு. மேற்கத்திய இசையில் மேஜர் சிக்ஸ்த் என்பார்கள். ஹான் சோலோவும் லேயாவும் காதலிக்கிற மெட்டு, அடுத்த படத்தில் வருவது, அதுவும் இதே எட்டில்தான் தொடங்குகிறது. அவளுடைய மெட்டிலிருந்தே அவளுடைய காதலும் முளைக்கிறது. இவ்வளவு கவனமாக எழுதியவர் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் கையை விட்டார் என்பதுதான் என் ஆதங்கம்.

#8 பஞ்சமம்

நிலாமுற்றம், என் கொள்கையையே நேராக அடிக்கிறீர்கள். யோசித்தேன். அந்தக் காட்சியில் கெனோபி செத்ததும் லூக் கத்துகிறான், லேயா அவனைக் கூப்பிடுகிறாள், கெனோபி தந்த நேரத்தில் அவர்கள் தப்புகிறார்கள். அவர் உயிரைக் கொடுத்தது அவளைக் காப்பாற்ற வந்த இடத்தில். அதனால் அவள் மெட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது நானாகக் கட்டிக்கொள்கிற காரணம் என்பதும் தெரிகிறது. முதல் படம் எழுதும்போது தொடர் இப்படி வளரும் என்று யாருக்கும் உறுதி இல்லை. மெட்டுக்கும் ஆளுக்கும் இடையே இருந்த முடிச்சு அப்போது தளர்வாகத்தான் இருந்தது. அடுத்த படத்தில்தான் இறுகியது.

#9 கடைசிபெஞ்ச்

கேன்டினா! மதுக்கடையில் வேற்றுக்கிரகக் குழு வாசிக்குமே. வருங்கால உயிர்கள் பாறைக்கு அடியில் 1930-களின் பென்னி குட்மேன் பாணி ஸ்விங் இசையைக் கண்டெடுத்து, தங்களுக்குப் புரிந்த மாதிரி வாசித்தால் எப்படி இருக்கும் என்று லூகாஸ் கேட்டாராம். கரீபியன் ஸ்டீல் ட்ரம், சாக்ஸஃபோன், கிளாரினெட், மின் பியானோ எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி ஜாஸ் கலைஞர்களை வைத்து வில்லியம்ஸ் எழுதினார். கேட்டால் கால் தானாக ஆடும். இந்தப் படத்தின் இசையை வைத்து மேக்கோ என்பவர் செய்த டிஸ்கோ வடிவம் 1977 அக்டோபரில் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதல் இடத்துக்கே போனது.

#10 சுருதிப்பெட்டி

இம்பீரியல் மார்ச் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்று காத்திருந்தேன்.

முதலில் ஒன்று. 1977 படத்தில் இந்த மெட்டு கிடையவே கிடையாது. பேரரசுக்கு வேறொரு சின்ன மெட்டு இருந்தது. இது 1980-ல் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துக்காக எழுதியது. படம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், ஏப்ரல் 29 அன்று, பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநராக வில்லியம்ஸ் பொறுப்பேற்ற கச்சேரியில் மக்கள் இதை முதலில் கேட்டார்கள். வேடரின் நடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த நடையைக் கேட்டவர்கள் அவர்கள்.

ஏன் இவ்வளவு மிரட்டுகிறது? மெட்டைத் தனியாகப் பாடினால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று ஸட்ஜம், கீழே தைவதம், மேலே காந்தாரம், திரும்ப ஸட்ஜம். குழந்தைகூடப் பாடும். விஷம் அடியில் ஓடும் கார்டுகளில் இருக்கிறது. ஜி மைனர் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே ஈ ஃபிளாட் மைனர் வந்து நிற்கிறது. ஜி மைனரில் வழக்கமாக வர வேண்டியது ஈ ஃபிளாட் மேஜர். அது வந்திருந்தால் இதமாக இருந்திருக்கும். மைனர் வரும்போது, நம் ஆதார ஸட்ஜத்துக்கு அரை சுரம் கீழே இருக்கிற ஒரு சுரம் உள்ளே நுழைகிறது. காலடித் தரை சட்டென்று ஓர் அங்குலம் இறங்கின மாதிரி. கீபோர்டு இருந்தால் வாசித்துப் பாருங்கள்: இடது கையில் ஜி, பி ஃபிளாட், டி. அடுத்து ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினாலே போதும், மேலே மெட்டே வேண்டாம், அறையில் அவர் வந்து நிற்பார்.

2020 ஜனவரியில் வில்லியம்ஸ் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். இம்பீரியல் மார்ச்சையும் வாசிக்க வேண்டும் என்று அந்த ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வாத்தியக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பதிவைக் கேளுங்கள். தெற்குவாசலுக்காக இதைச் சொல்கிறேன்: கோர்ன்கோல்ட் வளர்ந்த ஊரில் இது ஒலித்தது.

#11 நிலாமுற்றம்

கார்டு விளக்கம் அருமை. இதே படத்தில் லூக்கின் குரு யோடாவின் மெட்டும் அதே மாதிரி ஒரு சுரத்தில் உயிர் வைத்திருக்கிறது. மேஜர் ஸ்கேலில் நான்காவது சுரத்தை அரை படி ஏற்றியிருக்கிறார். நம் கணக்கில் பிரதி மத்திமம். சதுப்பிலிருந்து விண்கலத்தைத் தூக்குகிற காட்சியில் அந்த மெட்டு அகண்டு விரியும்போது, அந்த மத்திமம்தான் தரையைவிட்டு எழுகிற உணர்வைத் தருகிறது.

#12 நூலகவாசல்

1999-ல் வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்தைப் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் திரைக்கதையில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் 'டூயல் ஆஃப் தி ஃபேட்ஸ்' என்ற கோரஸ் இசை ஒன்றுக்காக அந்தப் படத்தை மன்னித்துவிட்டேன்.

கோரஸ் பாடுவது சமஸ்கிருதம். முதலில் கேட்டபோது எனக்குத் தெரியாது. ஏதோ கற்பனை மொழி என்று நினைத்திருந்தேன். மூலம் ஒரு பழைய வெல்ஷ் கவிதை, மரங்கள் போருக்குப் போவதைப் பாடுவது. ராபர்ட் கிரேவ்ஸின் நூல் ஒன்றில் இருந்த ஆங்கில வடிவத்திலிருந்து, நாவின் வேரடியில் ஒரு போர், தலைக்குப் பின்னே இன்னொரு போர் என்று பொருள்படும் வரிகளை வில்லியம்ஸ் எடுத்தார். பல மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி, உயிரொலிகளின் ஓசைக்காகச் சமஸ்கிருதத்தைத் தேர்ந்தெடுத்தார். அசைகளை ஓசைக்குத் தக்கபடி உடைத்து அடுக்கியிருப்பதால், வாக்கியமாகப் பொருள் தேடினால் கிடைக்காது. கல்லூரியில் கொஞ்சம் சமஸ்கிருதம் படித்தவன் என்ற தைரியத்தில் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சொற்கள் பிடிபடும், வாக்கியம் நழுவிவிடும்.

அந்தப் படத்தில் இன்னொன்று இருக்கிறது. கடைசியில் வெற்றி ஊர்வலம், குழந்தைகள் குதூகலமாகப் பாடுவார்கள். அதை மெதுவாக முணுமுணுத்துப் பாருங்கள். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' படத்தில் பேரரசர் தோன்றும்போதெல்லாம் ஆண்குரல்கள் அடித்தொண்டையில் இழுக்கும் மெட்டு நினைவிருக்கிறதா? அதேதான். மேஜருக்கு மாற்றி, வேகமாக்கி, குழந்தைகள் வாயில் கொடுத்திருக்கிறார். எல்லோரும் கொண்டாடுகிறார்கள், கூட்டத்தின் நடுவில், பின்னாளில் அந்தப் பேரரசராகப் போகிற பால்பட்டீன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஜெயித்தது யார் என்று இசை மட்டும் சொல்கிறது. திரையில் ஒருவருக்கும் தெரியாது.

#13 திரைப்பித்தன்

நூலகவாசல், இப்போதுதான் போட்டுக் கேட்டேன். கை சிலிர்த்துவிட்டது. எத்தனை தடவை அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன்.

#14 கடைசிபெஞ்ச்

புதுப் படங்களை விட்டுவிடாதீர்கள். 2015 படத்தின் நாயகி ரேயின் மெட்டு எனக்குப் பழையவற்றுக்குச் சமம். தனியாக இருந்து பழகிய பெண்ணின் நடை அதில் இருக்கிறது. வில்லியம்ஸுக்கு அப்போது வயது 83. அப்புறம் 'தி மேண்டலோரியன்' தொடருக்கு லூட்விக் யோரான்சன் பேஸ் ரெக்கார்டரை வைத்துத் தொடங்கினாரே, அந்த ஆழமான மூங்கில்குழல் மாதிரியான ஊதல், அது ஒன்றே ஆளைச் சொல்லிவிடும்.

#15 பழையரெக்கார்டு

ரேயின் மெட்டு அழகுதான். யோரான்சனும் துணிச்சலாகச் செய்தார். ஆனால் ரேயின் மெட்டுக்கு மூன்று படங்களில் பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை. வேடரின் மெட்டு ஹார்ப்புக்குப் போன மாதிரி ஒரு பயணம் அதற்குக் கிடைக்கவில்லை. கதை தடம் மாறிக்கொண்டே இருந்தால் மெட்டு எங்கே போகும்? குற்றம் இசையில் இல்லை.

#16 கொம்பூதி

ஒத்துக்கொள்கிறேன், ஒரு விதிவிலக்கோடு. 2017 படத்தில் லூக் கடைசியாக இரண்டு சூரியன்களைப் பார்க்கும்போது வரும் இசை. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போக ஏங்கிய பையனின் மெட்டு, இப்போது உலகைவிட்டே போகிறவனுக்கு. தியேட்டரில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

#17 பஞ்சமம்

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று மகளோடு 'தி ஃபேண்டம் மெனஸ்' பார்த்தோம். ஊர்வல மெட்டைப் பற்றி அவளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அதை அவள் கவனிக்கவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடின. அனகினின் மெட்டு வந்தது, வளர்ந்து வேடராகப் போகிற அந்தச் சின்னப் பையனுக்கான இதமான மெட்டு. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மெட்டு மெல்ல அடங்குகிற இடத்தில் அவள் கூப்பிட்டாள்: "அப்பா, அந்த முகமூடிக்காரர் பாட்டு இதுக்குள்ள ஏன் வருது?"